குடை பிடித்த தலைவர்

நல்லகாமன் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். உள்ளே ஒரு கூட்டம் உட்கார்ந்து தங்களையே பார்ப்பதுபோல இருக்கிறது என்பார்கள். ஒத்தக்கடையில் எங்கள் தெருவின் கடைசி வீடு அது. முன்னறைச் சுவர் நாலிலும் பழைய பத்திரிகைகளிலிருந்து எடுத்து ஒட்டிய தலைவர்களின் சித்திரங்கள். தலைப்பாகை கட்டியவர், கோட்டுப் போட்டவர், மேஜையைக் குத்துகிறவர், சிறைக்குப் போகிறவர், சிறையிலிருந்து மாலையோடு வருகிறவர். எல்லாம் பேனா மையில் கோடு கோடாக வரைந்தவை. அவர்களில் பாதிப்பேர் யாரென்று இப்போது யாருக்கும் தெரியாது. மத்தியானத்தில் இலைகூட அசையாத நேரத்தில் அந்தக் காகிதங்கள் மட்டும் மெல்லப் படபடக்கும்.

நல்லகாமன் அரசு பஸ்ஸில் கண்டக்டர். வாரவிடுமுறை நாளில் மதுரை டவுனுக்குள் அப்துல் வஹீதின் பழைய பேப்பர் கடைக்குப் போய், கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டுவான். தலைவர் படம் உள்ள தாள் எதுவானாலும் வாங்கிக்கொண்டு வருவான்.

"செத்தவங்களுக்கு வாடகை இல்லாம வீடு விட்டிருக்கு. உசுரோட இருக்குற எனக்குத் துணி காயப்போட ஒரு கொடி கட்டத் தாவில்லை" என்பாள் அவன் மனைவி மாயக்காள். தாவு என்றால் இடம்.

உண்மையில் அவனுக்குத் தலைவர்கள் மேல் எந்தப் பிரியமும் கிடையாது. அவன் தேடியது தன் அப்பாவை.

அவன் தாய் வயிற்றில் இருந்தபோது, சுதந்திரத்துக்குப் பத்து வருஷம் முந்தி, ஒரு தலைவர் திருமங்கலத்துப் பக்கத்துக் கிராமங்களில் சுற்றுப்பயணம் வந்தாராம். சித்திரை வெயில். தலைவருக்குக் குடை பிடிக்க நல்ல உயரமான ஆளாக வேண்டும் என்று கருத்தக்கண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கருத்தக்கண்ணன்தான் நல்லகாமனின் அப்பா. கூடவே ஒரு பத்திரிகைச் சித்திரக்காரரும் வந்து, நடக்க நடக்க வரைந்துகொண்டே போனாராம். பயணம் முடிவதற்குள் ஒரு கண்மாய்க் கரையில் கருத்தக்கண்ணன் வெயில் தாங்காமல் விழுந்தார். குடையை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். ஊர்வலம் நிற்கவில்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை.

படம் பத்திரிகையில் வந்தது. நல்லகாமனின் அம்மா சீனியம்மாள் அதைக் கூரையில் செருகி வைத்திருந்தாள். கரையான் தின்றுவிட்டது. கருத்தக்கண்ணனுக்கு வேறு போட்டோ கிடையாது. அதனால்தான் நல்லகாமன் தலைவர் படம் உள்ள தாளையெல்லாம் வாங்கினான். அப்பா இல்லாத தாள்களைத் தூக்கி எறியவும் அவனுக்கு மனசு வரவில்லை. இவர்களையும் தேடிக்கொண்டு எங்காவது யாராவது இருக்கலாம் என்று நினைத்தான்.

சீனியம்மாளுக்கு ஒரு கண் முன்பே போய்விட்டது. மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. நரம்பு வாடுகிறது, ஆபரேஷனால் பயனில்லை, அடுத்த சித்திரை வரை ஓடினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "கண்ணு போறது போகட்டும். போறதுக்கு முன்ன அவுக மொகத்த ஒரு தடவ காட்டிரு, காமா."

புரட்டாசியில் அப்துல் வஹீது ஒரு கட்டைப் பிரித்து, "கண்டக்டர் அண்ணே, இதுல ஒரு குடை இருக்கு. நம்ம குடையான்னு பாருங்க" என்றார்.

அந்தக் குடைதான். முன்னால் நெடுநெடுவென்று ஒரு ஆள். கையை நீட்டிக் குடையைப் பிடித்திருக்கிறார். அவர்மேல் வெயில் விழுகிறது. இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது. மாடு முட்டிய தழும்பு என்று அம்மா சொன்ன அதே இடம். குடைக்குக் கீழே குனிந்தபடி ஒருவர். சித்திரக்காரர் நிழலைக் காட்ட அவர் முகம் முழுவதும் மையை அப்பியிருந்தார். கீழே அச்சிட்ட வரியில் தலைவரின் பெயர் இருந்த இடத்தைப் பூச்சி அரித்திருந்தது. 'திருமங்கலத்தில் ஸ்ரீமான்' என்பதும் 'அவர்கள்' என்பதும் மட்டும் மிச்சம்.

நல்லகாமன் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். தாளில் இருந்தவருக்கு அவனைவிட வயது குறைவு. அப்பாவைத் தம்பிபோலப் பார்ப்பது அவனுக்கு என்னவோபோல் இருந்தது.

சீனியம்மாள் அப்போது திருமங்கலத்தில் மகள் வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போய் அழைத்துவந்து காட்டலாம் என்று வைத்திருந்தான். அதற்குள் அரசாணை வந்துவிட்டது.

பழைய தலைவர்களின் படங்களை வைத்திருப்போர் அனைவரும் அவற்றைத் தலைவர்கள் திருவுருவ மேன்மை அலுவலகத்தில் காட்டி முத்திரை பெற வேண்டும். தவறும் அரசு ஊழியர்மேல் நடவடிக்கை எடுக்கப்படும். இதை டிப்போவில் ஒட்டிவிட்டார்கள். காலையில் கொடுத்தால் சாயங்காலம் திருப்பித் தந்துவிடுவார்கள் என்று கிளைமேலாளர் சொன்னார். நல்லகாமன் சட்டத்துக்குப் பயந்தவன். சுவரிலிருந்து எல்லாரையும் இறக்கி, மேலாக அப்பாவை வைத்து, சாக்கில் கட்டிக்கொண்டு கே.கே. நகருக்குப் போனான். பின்னால் சுவரில் வெளுத்த சதுரங்கள் மிஞ்சின. மாயக்காள் அன்று கொடி கட்டவில்லை. அந்தச் சதுரங்கள் முன்னைவிடக் கூர்மையாகப் பார்க்கிறதாகச் சொல்லி அடுப்படியிலேயே இருந்துகொண்டாள்.

அந்த அலுவலகத்தில் முறைகள் உண்டு. ஒரு தலைவர் படம் பையிலிருந்து வெளியே வந்தால் ஊழியர்கள் எழுந்து நிற்க வேண்டும். மேஜையில் வைத்த பிறகு உட்காரலாம். நல்லகாமன் கொண்டுவந்த சாக்கு பெரியது. அவர்கள் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். மத்தியானத்துக்குள் தலைமை எழுத்தருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. உடனே குறிப்பு எழுதி, எல்லோர் சார்பிலும் பியூன் சின்னான் எழுந்து நிற்கலாம் என்று அனுமதி வாங்கினார்கள். சின்னான் ஏற்கனவே நின்றுகொண்டிருந்ததால் வேலை விரைவாக நடந்தது.

உயிரோடு இருந்தபோது ஒருவரையொருவர் திட்டிக்கொண்ட தலைவர்களை ஒரே அலமாரியில் வைக்கக்கூடாது. கட்சி மாறியவர்களை மாறிய தேதிப்படி அலமாரி மாற்ற வேண்டும். அடிக்கடி மாறிய ஒருவரை இரண்டு அலமாரிக்கும் நடுவே ஸ்டூல் போட்டு வைத்திருந்தார்கள். சிரிக்கிற தலைவர்கள் எல்லாம் எதைக் கண்டு சிரிக்கிறார்கள் என்று தெரியும்வரை தனிப்பெட்டியில் இருந்தார்கள்.

"அண்ணே, சாயங்காலம் பூட்டும்போது உள்ளயிருந்து செருமுறாக" என்று சின்னான் நல்லகாமனிடம் மெதுவாகச் சொன்னான். "பேச ஆரம்பிக்கிறதுக்கு முந்தி தொண்டையச் சரிபண்ணுவாகள்ல, அப்படி. அம்புட்டுப் பேரும் செருமுறாக. யாரும் பேசத்தான் மாட்டேங்குறாக."

கடைசியாகக் குடைப்படம் தனி அலுவலர் தவசியின் மேஜைக்குப் போனது. தவசி நல்லவர். எந்தப் படத்தையும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டுதான் பார்ப்பார்.

"இதில் தலைவர் யார்?"

"குடைக்குக் கீழ குனிஞ்சு நிக்கிறவரு சார். குடை பிடிச்சிருக்கது எங்கப்பா."

தவசி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "முகமே தெரியவில்லை. அவர் எப்படித் தலைவராக முடியும்? எத்தனை மேடை, எத்தனை போட்டோ பார்த்திருக்கிறேன். தன் முகம் விழாத இடத்தில் நின்ற ஒரு தலைவரை நீ காட்டு. படத்தில் யார் முகம் நன்றாக விழுந்திருக்கிறதோ அவர்தான் தலைவர். இது எங்கள் விதி மட்டுமல்ல, அனுபவம்."

"அவரு குடை பிடிச்சிருக்காரே சார்."

தவசி மறுபடி படத்தைப் பார்த்தார். நிஜமாகவே அவர் கண் கலங்கிவிட்டது. "அதுதானே அய்யா விஷயம். ஒரு கூலிக்காரன் வெயிலில் வாடுகிறான். பொறுக்கவில்லை. தானே குடை பிடிக்கிறார். இந்த எளிமை இப்போது யாருக்கு வரும்?"

இதைச் சொல்லிக்கொண்டே அவர் ஜீப்புக்கு இறங்கினார். வாசலிலிருந்து ஜீப் வரைக்கும் சின்னான் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடினான்.

படம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. மற்றவையும் அதோடு நின்றுபோயின. நல்லகாமன் வெறும் சாக்கோடு வீடு திரும்பினான்.

ஐப்பசியில் புதிய தலைவர் அறிவிக்கப்பட்டார். பெயர் தெரியாததால் 'குடையார்' என்று வைத்தார்கள். பிறந்த நாள் தெரியாததால், சித்திரையில் அலுவலகத்துக்குத் தோதான ஒரு நாளைப் பிறந்த நாளாக்கினார்கள். வரலாறு எழுத ஒரு குழு உட்கார்ந்தது. குடையார் சிறு வயதிலேயே நாட்டுக்காகத் தன்னை ஒப்புக்கொடுத்தார், திருமணம் செய்துகொள்ளவில்லை, முதிர்ந்த வயதில் தூக்கத்தில் அமைதியாக மறைந்தார் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. ஓவியர் ஒருவர் அந்தச் சின்னப் படத்தைப் பெரிதாக வண்ணத்தில் தீட்டினார். தலைவருக்குப் புருவம் வெட்டுப்பட்டிருப்பது நன்றாக இல்லை என்று சேர்த்து வரைந்தார்கள். நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கினார்கள். வெறும் தோளுக்குச் சால்வை, அறிவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி. அச்சடித்து எல்லா அலுவலகத்துக்கும், பள்ளிக்கும், பஸ்ஸுக்கும் அனுப்பினார்கள்.

நல்லகாமனின் பஸ்ஸில் டிரைவர் முதுகுக்குப் பின்னால் மாட்டினார்கள். பஸ் குலுங்கும்போது படம் தலையை ஆட்டும். எந்த இருக்கையருகே நின்று டிக்கெட் கிழித்தாலும் அது அவனையே பார்த்தது. விசிலை வாயில் வைத்தால் எதையோ சொல்லவந்து நிறுத்திக்கொண்டதுபோல இருக்கும். சிலசமயம் ஒரு திருப்பத்தில் வெளிச்சம் பட்டு, சால்வையும் கண்ணாடியும் மறைந்து, அடியிலிருந்து வேறொரு முகம் மேலே வரப்பார்க்கும். அதற்குள் பஸ் திரும்பிவிடும். டிப்போவிலும் அதே முகம், தாலுகா அலுவலகத்திலும் அதே முகம். அப்பாவைப் பார்க்காமல் வளர்ந்தவனுக்கு இப்போது அப்பா இல்லாத இடமே இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் எங்கேயும் அவர் இல்லை. ராத்திரி சோறு இறங்காமல் எழுந்துவிடுவான். மாயக்காள் கேலி பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சீனியம்மாளைத் திருமங்கலத்திலிருந்து அந்தப் பஸ்ஸிலேயே ஏற்றிவந்தான். வழியில் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்து எழுந்து முன்னால் போனாள். படத்துக்கு ஒரு சாண் அருகில் முகத்தை வைத்துப் பார்த்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்து வழிவிட்டார்கள்.

"இது யாருப்பா? பேங்கு மேனேசரு மாதிரி இருக்காரு" என்றாள். பிறகு படத்தின் ஓரத்தைத் தடவி, "உங்கப்பன இதுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்காகளா?" என்று கேட்டாள்.

அசல் படத்தைக் காட்டச் சொல்லி மனு போட்டார்கள். தை பிறந்து, மாசியும் ஆயிற்று. சீனியம்மாளுக்கு இப்போது தட்டில் இருப்பது சோறா களியா என்று தொட்டால்தான் தெரியும். ஒரு நாள் மாயக்காள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, மாமியாரையும் புருஷனையும் கூட்டிக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போய்விட்டாள்.

தவசி எழுந்து நின்று வரவேற்று, நாற்காலி போடச் சொன்னார். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது.

"அம்மா, குடையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. நீங்கள் அவர் மனைவி என்றால் வரலாறு தப்பு என்று ஆகும். வரலாறு அச்சாகிவிட்டது. மனைவி என்று வருகிறவர்களுக்குப் படத்தைக் காட்ட எனக்கு அதிகாரம் இல்லை. பொதுமக்களுக்குக் காட்டலாம். அவருக்கும் உங்களுக்கும் எந்த உறவும் இல்லை என்று ஒரு கைநாட்டு வைத்தால் நீங்களும் பொதுமக்கள்தான்."

"ஏன் சார், ஊரு ஒலகத்துல புருசனப் பாக்க, புருசன் இல்லைன்னு எழுதிக்குடுத்தவ எவளும் இருக்காளா?" என்றாள் மாயக்காள்.

சீனியம்மாள் அவளை அமர்த்தினாள். "மைய எங்கிட்டு வச்சிருக்கீக?" என்று கேட்டு, கட்டைவிரலை நீட்டினாள். நல்லகாமன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சுவரிலும் குடையார் இருந்தார்.

சின்னான் கண்ணாடி போட்டு அடைத்த படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். ஊதா மையில் வட்டமாக ஒரு முத்திரை இருந்தது. முத்திரையைப் படத்தின் மிக முக்கியமான இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. முகத்தில் வைத்திருந்தார்கள். 'சரிபார்க்கப்பட்டது' என்ற எழுத்துகளின் அடியில் கண், மூக்கு, புருவம் எல்லாம் ஊதாவாகக் கரைந்திருந்தன.

சீனியம்மாள் மூக்கு கண்ணாடியில் முட்டும்வரை குனிந்தாள். பக்கத்து அறை அலமாரிப் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டதாக மாயக்காள் பிற்பாடு எங்களிடம் சொன்னாள்.

"கை தெரியுது" என்றாள் சீனியம்மாள். "கை அவுக கைதான்."

அதற்குமேல் தெரியவில்லை. தவசி அவளை வாசல்வரை வந்து வழியனுப்பினார். முதல் குடைநாள் விழாவுக்கு அவசியம் வரச் சொல்லி, பொதுமக்கள் பகுதியில் மூன்று இடம் எழுதிக் கொடுத்தார்.

விழா ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், சித்திரை மாசத்து முற்பகலில் நடந்தது. குடையாரின் எளிமையைப் பின்பற்றி, ஒவ்வொரு அதிகாரியும் ஒரு தொழிலாளிக்குக் குடை பிடித்தார். அதற்காகக் கூலிக்கு ஆள் கூட்டிவந்திருந்தார்கள். குடை பிடிக்கும்போது அதிகாரிகளின் தலையில் வெயில் படுமே என்று ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு பியூன் குடை பிடித்தான். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் குடைகள் மட்டும் விழுந்தன என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அப்புறம் தவசி மேடை ஏறினார். மேடைக்குக் கூரை போடவில்லை. வெயிலில் நின்றவருக்கு வெயிலில்தான் விழா என்று சொல்லிவிட்டார்கள். சின்னான் பின்னால் நின்று, கையை நீட்டி அவர்மேல் குடையைப் பிடித்தான்.

"நண்பர்களே, குடையார் ஏன் வெயிலில் நின்றார்? நாமெல்லாம் நிழலில் நிற்க வேண்டும் என்பதற்காக. அவர் தந்த அந்த நிழலில் இப்போது நிற்கிறேன். குளிர்ச்சியாக இருக்கிறது. இந்தக் குளிர்ச்சியைக் கடைசி மனிதனுக்கும் கொண்டுபோவோம். அதற்கான கருத்துரு மேலிடத்தில் இருக்கிறது. அதுவரை கடைசி மனிதன் பொறுத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

பேச்சு நீண்டது. கடைசி மனிதனிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மனிதனாக முன்னால் வந்துகொண்டிருந்தார். சின்னான் நின்ற இடத்தில் நிழல் இல்லை. அவன் கை ஆட ஆரம்பித்தது. மறு கையால் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டான். கண் சொருகியது.

பொதுமக்கள் பகுதியில் கயிற்றை ஒட்டி சீனியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணில் இப்போது வர்ணம் எதுவும் நிற்கவில்லை. கொளுத்துகிற வெயிலில் வெள்ளையும் கறுப்பும் மட்டும் கோடு கோடாகத் தெரிந்தன. நெடுநெடுவென்று வெள்ளையில் ஒரு ஆள். நீட்டிய கை. கையில் குடை. குடைக்குக் கீழே முகமில்லாமல் இருட்டாக ஒருவர்.

"காமா, அந்தா நிக்கிறாக" என்றாள்.

"அது சின்னான்மா."

அவள் அதற்குள் கயிற்றுக்குக் கீழே குனிந்து போய்விட்டாள். தடுக்க வந்த போலீஸ்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். படியைக் கையால் தடவித் தடவி மேடை ஏறினாள். சின்னானின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும். கைய எறக்குங்க" என்றாள். "அவரு திரும்பிப் பாக்கப்போறதில்ல. உக்காருங்க. நான் வந்துட்டேன்ல."

சின்னான் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்றும் சொல்லலாம், சரிந்தான் என்றும் சொல்லலாம். அவள் குடையை வாங்கி அவன்மேல் பிடித்துக்கொண்டு, முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். துடைத்த முகத்தைத் தன் முகத்தருகே இழுத்துப் பார்த்தாள். நெற்றி, புருவம், மூக்கு, வறண்ட உதடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நல்லகாமன் செம்பில் தண்ணீரோடு மேடைக்கு ஓடினான். ஓடியவன் படியிலேயே நின்றுவிட்டான். அவள் பார்த்து முடிக்கட்டும் என்று நின்றான். பிறகுதான் தண்ணீரைக் கொடுத்தான்.

தவசிக்குத் தலையில் சுரீரென்று வெயில் பட்டது. பேச்சை நிறுத்தாமலே பக்கவாட்டில் சாய்ந்து, "வேற ஆள் யாரும் இல்லையா?" என்று கேட்டார். அது மைக்கில் மைதானம் முழுவதும் கேட்டது. பேச்சின் பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

விழா சிறப்பாக நடந்ததாக அவர் அன்றே மேலிடத்துக்கு எழுதினார். மூதாட்டி ஒருவர் மேடையேறித் தொண்டரின் குடையை வாங்கிய காட்சி உள்ளத்தை உருக்கியது என்றும், அடுத்த ஆண்டு முதல் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, பார்வையும் உடல்திறனும் உள்ள மூதாட்டி ஒருவரை இதற்கென நியமிக்கலாம் என்றும் பரிந்துரைத்தார். சின்னானுக்குத் தன் வேலையை மேடையில் பாதியில் விட்டதற்காக விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. அவன் அதை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு வாங்கினான்.

விழா முடிந்து ஒத்தக்கடைக்கு வரும் பஸ்ஸில் சீனியம்மாளுக்கு டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. தலைக்கு மேலே குடையார் ஆடிக்கொண்டு வந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே யானைமலை பெரிதாக நின்றது. நல்லகாமன் அதைக் காட்டினான். எங்கே என்று அவள் கேட்டாள். அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

கொஞ்சதூரம் போனபிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று இருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டான். "அப்பா மொகத்தப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்யா" என்றாள். "ரொம்ப மெலிஞ்சுபோயிட்டாக."